கைமாறும் காரும் கைமாறாத கடிதமும்

2015-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்தை ஒட்டிய புறநகர் ஒன்றில், 2002-ஆம் வருஷத்து ஹோண்டா அக்கார்டு கார் ஒன்று மற்றொரு வண்டியோடு மோதிற்று. வேகம் அதிகமில்லை, இத்தகைய மோதல்களில் பம்பர் நசுங்குவதும், விளக்குக் கண்ணாடி உடைவதும், இருவர் கீழே இறங்கி நின்று தப்பு யார்மீது என்று சிறிது நேரம் தர்க்கம் செய்வதுமே வழக்கம். ஆனால் அந்தக் காரை ஓட்டி வந்தவர் உயிரோடு இறங்கவில்லை. அவரைக் காப்பதற்கென்றே ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் மடித்து வைக்கப்பட்டிருந்த ஏர்பேக் விரிந்த கணத்தில், அதை ஊதவேண்டிய எஃகுக் குப்பி சிதறி, அதன் துண்டொன்று அவருடைய கழுத்தில் பாய்ந்துவிட்டது. அந்தக் குப்பியில் குறை இருப்பதாகவும், காரைக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவதாகவும் உற்பத்தியாளர் அறிவித்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தவர் அந்தக் காரை வாங்கியதோ முந்தின வருஷம்தான். பழைய கார் வியாபாரத்தில் வாங்கினார். குறையை நீக்கிய பிறகே விற்கவேண்டும் என்று விற்பவரை நிர்ப்பந்திக்கும் விதி அந்நாட்டின் மத்திய சட்டத்தில் இருக்கவில்லை.

இது நம்புவதற்குச் சற்றுக் கடினமான விஷயமாதலால், அந்தச் சட்டத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. 1965-இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், அமெரிக்கக் கார்களின் அமைப்பிலேயே உள்ள அபாயங்களைக் குறித்து ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அதனால் எழுந்த பரபரப்பின் பயனாக மறுவருஷம் செப்டம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பாதுகாப்பைக் குலைக்கும் குறை ஒன்று தெரியவந்தால் உற்பத்தியாளர் அதை உரிமையாளர்களுக்கு அறிவித்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் முக்கியமான அம்சம். அறிவிப்பதோடு நில்லாமல் செலவின்றிச் சீர்செய்தும் தரவேண்டும் என்ற கடமை 1974-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் ஏற்பட்டது. ரீகால் என்று உலகெங்கும் வழங்கும் ஏற்பாடு இதுவே. ரீகால் அறிவிக்கப்பட்ட புதிய காரை, குறை நீங்கும்வரை, எந்த டீலரும் விற்கக்கூடாது என்றும் சட்டம் தெளிவாகக் கூறிற்று. ஆனால் அதே கார் ஒருமுறை விற்பனையாகி, ஒரு மாதம் ஓடி, மறுபடியும் அதே டீலரின் வாசலுக்கு வந்து நின்றால், அது பழைய கார். பழைய காரைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. குறை ஒன்றே, கார் ஒன்றே, இடமும் ஒன்றே. நடுவில் ஒரு ரசீது மட்டும் குறுக்கிட்டது.

இந்த மௌனம் எவ்வளவு விபரீதமானது என்பதை அறிய, முதலில் அந்த எஃகுக் குப்பிக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஏர்பேக் என்பது ஒரு துணிப்பை. அதை நிரப்புவதற்கு வேண்டிய வாயு பெரும்பாலும் சேமித்து வைக்கப்பட்டிருப்பதில்லை, தேவைப்படும் கணத்தில்தான் உண்டாக்கப்படுகிறது. கார் எதன்மீதாவது பலமாக மோதியதை உணர்கருவிகள் அறிந்தவுடன் இன்ஃப்ளேட்டர் என்னும் குப்பிக்குள் இருக்கும் சிறு திரிக்கு மின்சாரம் செல்கிறது. திரி பற்றி, அதைச் சுற்றி வில்லைகளாக அழுத்தி வைக்கப்பட்டுள்ள எரிமருந்து பற்றி, அது எரிந்து விளையும் வாயு குப்பியின் துவாரங்கள் வழியே பைக்குள் பாய்கிறது. இவ்வளவும், ஓட்டுபவரின் தலை முன்னே சரிந்து ஸ்டியரிங்கைத் தொடுவதற்குள், ஏறக்குறைய ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்குக் காலத்தில் நடந்து முடிந்தாக வேண்டும். ஆகவே எரிமருந்து மெதுவாக எரிந்தாலும் பயனில்லை, அளவுக்குமேல் வேகமாக எரிந்தாலும் ஆபத்து. அந்த வேகத்தை நிர்ணயிப்பது மருந்தின் குணம் மட்டுமன்று, வில்லையின் வடிவமும் அடர்த்தியுமாம். ஏனெனில் தீ பரவுவது மேற்பரப்பில்தான். கட்டையாகக் கிடக்கும் விறகு நின்று நிதானமாக எரியும். அதையே சுள்ளியாகப் பிளந்து போட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். எடை ஒன்றே ஆயினும், தீ தொடும் பரப்பு பெருகிவிடுகிறது. வில்லையை அழுத்தும் இயந்திரத்தின் அழுத்தத்தைக்கூட இன்ஜினீயர்கள் அவ்வளவு நுட்பமாக நிர்ணயிப்பதன் காரணம் இதுவே.

ஜப்பானின் டகாட்டா கம்பெனி 1933-இல் ஒரு நெசவுத் தொழிலாகத் துவங்கி, பிற்காலத்தில் சீட் பெல்ட்டுகளாலும் ஏர்பேக்குகளாலும் உலகப் பிரசித்தி பெற்றது. 2000-ஆம் வருஷத்தை ஒட்டி அது தன் இன்ஃப்ளேட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட்டை மூல எரிமருந்தாகப் பிரயோகிக்கத் தொடங்கிற்று. விவசாயிகள் உரமாகவும், சுரங்கக்காரர்கள் பாறை பிளக்கும் வெடிமருந்தாகவும் அறிந்த அதே உப்புத்தான் இது. இதில் லாபங்கள் இரண்டு: விலை மலிவு, எரிந்தபின் சாம்பல் அதிகம் தங்காமல் பெரும்பாலும் வாயுவாகவே மாறிவிடுவதால் குப்பியைச் சிறிதாகவும் இலேசாகவும் செய்யலாம். தீமையும் இரண்டு. முதலாவது, உஷ்ணம் ஏறி இறங்கும்போது இதன் படிக அமைப்பு மாறுவது. 32 டிகிரி செல்ஷியஸ் அளவிலேயே இப்படி ஒரு மாறுதல் உண்டு, அப்போது படிகத்தின் கன அளவும் மாறுகிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் 32 டிகிரி என்பது காலைப்பொழுதிலேயே கடந்துவிடும் எல்லை. இரவில் மறுபடியும் கீழிறங்கும். இரண்டாவது, இவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சுவது. முதல் குற்றத்தைத் தணிக்கப் பொட்டாசியம் நைட்ரேட் முதலியவற்றைச் சேர்த்துப் படிகத்தை நிலைப்படுத்தும் வித்தை கைக்கொள்ளப்பட்டது. இரண்டாவதற்கு வேண்டிய ஈரமுறிஞ்சியோ பெரும்பாலான குப்பிகளில் வைக்கப்படவில்லை.

விளைவு ஒரே நாளில் வெளிப்படுவதன்று. குப்பியின் மூடிகளினூடே சிறிது சிறிதாகப் புகும் ஈரம், பகல் வெப்பத்தில் ஓரிடத்திலிருந்து கிளம்பி, இரவுக் குளிர்ச்சியில் வேறோரிடத்தில் தங்கி, வருஷக்கணக்கில் வில்லைகளுக்குள் குடியேறுவதும் வெளியேறுவதுமாக இருக்க, அவை வெளிப்பார்வைக்கு முழுமையாகவே தோன்றியபோதிலும் உள்ளே நுண்துளைகள் பெருகி அடர்த்தி குறைந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட வில்லை பற்றும்போது தீ மேற்பரப்போடு நிற்காமல் துளைகளுக்குள்ளும் நுழைகிறது. வாயு துவாரங்களால் தாங்க முடியாத வேகத்தில் பெருகுகிறது. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறுகிறது. முடிவில் குப்பியே வெடிகுண்டாகிவிடுகிறது. பத்துக் கார் கம்பெனிகள் ஒன்றுகூடி, ராக்கெட் மோட்டார்கள் செய்வதில் தேர்ந்த ஆர்பிட்டல் ஏடிகே என்னும் நிறுவனத்தை ஆராயும்படி அமர்த்தின. 2016 பிப்ரவரியில் வெளிவந்த முடிவு மூன்று காரணங்களைக் கூட்டாகச் சுட்டிற்று: ஈரமுறிஞ்சி இல்லாத அம்மோனியம் நைட்ரேட், மிக்க ஈரப்பதத்தில் ஈரத்தைத் தடுக்கமாட்டாத குப்பியின் அமைப்பு, மீண்டும் மீண்டும் ஏறியிறங்கும் கடும் உஷ்ணம். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் பல உயிர்கள் தப்பியிருக்கலாம்.

ஆகையால்தான் விபத்துகள் ஃபுளோரிடா, டெக்சாஸ், லூசியானா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களில் திரளாக நேர்ந்தன. அதிகாரிகளும் நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, அத்தகைய மாநிலங்களுக்கு மாற்றுக் குப்பிகளை முதலில் அனுப்பச் செய்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இதனால் நேர்ந்ததாக அறியப்பட்ட முதல் மரணம் 2014-இல் மலேசியாவின் சரவாக் பகுதியில் ஒரு ஹோண்டா சிட்டி காரில் நிகழ்ந்ததும் தற்செயல் அன்று. நம் கடற்கரை நகரங்களின் சீதோஷ்ணத்தை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, அதே கம்பெனியின் ஏர்பேக்குகள் இந்தியாவிலும் திரும்ப அழைக்கப்பட்டதில் வியப்பு இராது. இங்கே ரீகால் வெகுகாலம் கம்பெனிகளின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்து, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்ந்த பிறகே சட்டக் கடமையாயிற்று.

2008 நவம்பரில் முதல் ரீகால் அறிவிக்கப்பட்டபோது அதில் அடங்கிய கார்கள் சுமார் 4,000. தொழிற்சாலையில் நேர்ந்த தயாரிப்புத் தவறு என்று அப்போது சொல்லப்பட்டது. பிறகு வட்டம் விரிந்துகொண்டே போயிற்று. இறுதியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள், உலகம் முழுவதிலும் சுமார் 10 கோடி. அந்நாட்டில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றோர் நூற்றுக்கணக்கானோர். பரிசோதனை முடிவுகளை மறைத்த குற்றத்துக்காக 2017-இல் அபராதமும் நஷ்டஈடுமாக 100 கோடி டாலர் செலுத்த இசைந்த டகாட்டா, அவ்வருஷம் ஜூன் மாதத்திலேயே திவாலாயிற்று.

இங்கே நான் வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றுண்டு. பழைய கார்களில் ரீகால் என்பதை, வாங்குபவரின் அசட்டைக்கும் விற்பவரின் பேராசைக்கும் இடையில் நடக்கும் ஒழுக்கக் கதையாகப் பார்ப்பது எளிது. ஆனால் விஷயம் அதனினும் ஆழமானது. ரசாயனம் வயதைப் பின்பற்றுகிறது. கார் பழையதாக ஆகக் குப்பியின் அபாயம் வளர்கிறது. எச்சரிக்கைக் கடிதமோ உரிமையாளரைப் பின்பற்றுகிறது. கார் பழையதாகக் கைகள் மாற மாற, அக்கடிதம் சரியான கைக்குப் போய்ச் சேரும் சாத்தியம் தேய்கிறது. அபாயம் உச்சிக்கு வரும் காலத்தில்தான் செய்தியும் ஊமையாகிறது.

கடிதம் எப்படிப் புறப்படுகிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். குறையை அரசாங்கத்துக்கு அறிவித்த 60 நாட்களுக்குள், உற்பத்தியாளர் ஒவ்வோர் உரிமையாளருக்கும் முதல் வகுப்புத் தபாலில் எழுதியாக வேண்டும். விலாசங்களை மாநிலங்களின் வாகனப் பதிவு அலுவலகங்களிடமிருந்து பெறுகிறார்கள். விளம்பரத் தபால் என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள் என்பதற்காக, 2014 முதல் உறையின்மீது கண்ணில் படும்படியான முத்திரை ஒன்றும் அச்சிட வேண்டும் என்று விதித்தார்கள். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆயினும் முதல் உரிமையாளர் காரை விற்றுவிட்டுப் போகிறார். வாங்கியவர் ஏலத்துக்கு அனுப்புகிறார். ஏலத்தில் எடுத்த வியாபாரி வேறு மாநிலத்தில் விற்கிறார். அங்கே வாங்கியவர் தம் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றுவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். கடிதம் முதல் வீட்டின் தபால் பெட்டியில் கிடக்கிறது. மேலும், புதிய கார் வைத்திருப்பவர் உத்தரவாதக் காலத்தில் கம்பெனியின் சர்வீஸ் ஸ்டேஷனுக்கு அடிக்கடி போகிறார், அங்கே கம்ப்யூட்டர் திரையே அவருக்கு ரீகாலைச் சொல்லிவிடும். பத்து வருஷக் காரை வைத்திருப்பவர் தெருமுனை மெக்கானிக்கிடம் போகிறார், அந்த மெக்கானிக்குக் கார் கம்பெனியோடு யாதொரு சம்பந்தமும் இல்லை. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2011-இல் கணக்கிட்டபோது, ரீகால் அறிவித்துப் பதினெட்டு மாதங்களுக்குள் சீர்செய்யப்பட்ட வாகனங்கள் சராசரியாக நூற்றுக்கு 65 என்று கண்டது. மற்ற முப்பத்தைந்தும் சாலையில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இதற்கோர் உதாரணம் இரத்தத்தை உறையவைப்பது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் இருந்த டகாட்டா குப்பிகள், மற்றவற்றினும் மோசமானவை என்று பிற்பாடு பரிசோதனையில் தெரிந்தது. விபத்தில் விரியும்போது அவற்றில் நூற்றுக்கு ஐம்பது வரை சிதறக்கூடும் என்றார்கள். அதாவது ஒரு காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்க்கும் நிச்சயமின்மை. இந்தக் கார்கள் 2008 முதல் 2011-க்குள் ரீகால் செய்யப்பட்டவை. 2016 ஜூன் 30-ஆம் தேதி, இவற்றை நேரே டீலரிடம் கொண்டுபோவதற்கன்றி வேறெதற்கும் ஓட்டவேண்டாம் என்று போக்குவரத்து அமைச்சரே பகிரங்கமாக வேண்டிக்கொண்டபோது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அந்தக் கார்களில் சுமார் 3,13,000 கார்கள் இன்னும் சீர்செய்யப்படாமலே இருந்தன. அவற்றின் உரிமையாளர்கள் அனைவரும் அசட்டையானவர்கள் என்று கொள்வதற்கில்லை. பலருக்குத் தங்கள் காரின் பூர்வோத்தரமே தெரியாது.

ஆகவே கார் கைமாறும் சந்தர்ப்பமே விசேஷமானது. காரும், அதன் காகிதங்களும், விற்பவரும், வாங்குபவரும், பணமும் ஒரே இடத்தில் கூடும் வேளை அதன் வாழ்நாளில் அது ஒன்றுதான். அவ்வேளையில் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கினால், தபாலால் ஆகாதது ஆகும். பின் ஏன் ஆகவில்லை?

வியாபாரிகள் சொல்லும் சமாதானங்களில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ரீகால் வேலையை இலவசமாகச் செய்து கம்பெனியிடம் கூலி பெறும் உரிமை அந்தந்தக் கம்பெனியின் அதிகார டீலருக்கே உண்டு. ஃபோர்டு டீலரிடம் பரிவர்த்தனையில் வந்த ஹோண்டாவை அவர் சீர்செய்ய முடியாது. தம் போட்டியாளரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, அவருக்கு ஒழிந்தபோது வாங்கிவர வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் உதிரிபாகம். கோடிக்கணக்கான குப்பிகள் ஒரே சமயத்தில் வேண்டுமென்றால் எங்கிருந்து வரும்? மாதக்கணக்கில் கார் வாசலில் நிற்க, அதில் முடங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும், விலையும் நாளுக்கு நாள் இறங்கும். இன்னொன்றும் சொல்வார்கள்: ரீகால்களில் ஏர்பேக்கும் உண்டு, எச்சரிக்கைச் சீட்டில் அச்சுப்பிழையும் உண்டு, இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி விற்பனையைத் தடுப்பது தகுமா? இந்தக் கடைசி வாதம் பாதி நியாயமானது. அச்சுப்பிழைக்காகக் காரை நிறுத்தவேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அச்சுப்பிழையின் நிழலில் வெடிக்கும் குப்பியையும் மறைத்துக்கொண்டு போவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது.

விற்பனையை நிறுத்திப் பார்க்கும் சோதனையை ஒரு பெரிய கம்பெனி தானாகவே செய்துபார்த்தது. நாடெங்கும் கிளைகளுள்ள ஆட்டோநேஷன் என்ற டீலர் ஸ்தாபனம், 2015 செப்டம்பரில், தீராத ரீகால் உள்ள எந்தக் காரையும், புதிதாயினும் பழையதாயினும், விற்பதில்லை என்று பிரகடனம் செய்தது. பலரும் பாராட்டினர், போட்டியாளர் எவரும் பெரிய அளவில் பின்பற்றவில்லை. டகாட்டா குப்பிகளுக்கான மாற்று வந்து சேராமல் கார்கள் கொட்டகைகளில் தேங்கின. ஒருவன் மட்டும் விரதம் இருக்கையில் பக்கத்துக் கடைக்காரர்கள் விருந்து உண்டனர். 2016 நவம்பர் இறுதியில், தேர்தலுக்குப் பின் புதிய அரசாங்கம் இத்தகைய சட்டம் எதையும் கொண்டுவராது என்று கணித்த அக்கம்பெனி தன் விரதத்தை முடித்துக்கொண்டு, ரீகால் உள்ள கார்களை விஷயத்தைத் தெரிவித்து விற்கத் தொடங்கிற்று. தனியொருவரின் நற்குணத்தால் ஒரு சந்தையைத் திருத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேடவேண்டியதில்லை; எல்லோருக்கும் ஒரே நாளில் விதித்தாலன்றி, முதலில் நல்லவனாக நடப்பவனே முதலில் நஷ்டப்படுகிறான்.

வாடகைக் கார்களின் விஷயத்தில் அப்படி எல்லோருக்கும் விதித்தார்கள். அதன் பின்னணி துயரமானது. 2004 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ரேச்சல், ஜாக்லின் ஹௌக் என்ற சகோதரிகள் வாடகைக்கு எடுத்த பி.டி. குரூசர் கார், நெடுஞ்சாலையில் தீப்பற்றி, கட்டுப்பாடிழந்து, எதிரே வந்த லாரியில் மோதியதில் இருவரும் இறந்தனர். மூத்தவருக்கு வயது 24, இளையவருக்கு 20. ஸ்டியரிங்குக்கு உதவும் எண்ணெய்க் குழாய் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று அந்த மாடலுக்கு ரீகால் அறிவிக்கப்பட்டிருந்தும், சீர்செய்யாமலே வாடகைக்கு விடப்பட்ட கார் அது. அவர்களுடைய தாயார் பல வருஷம் வாதாடியதன் பலனாக, சகோதரிகளின் பெயரையே தாங்கிய சட்டம் 2015-இல் நிறைவேறி, 2016 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. முப்பத்தைந்துக்கு மேற்பட்ட கார்கள் வைத்து வாடகைத் தொழில் நடத்துவோர், ரீகாலைத் தீர்க்காமல் ஒரு காரையும் வெளியே அனுப்பக்கூடாது. பழைய கார் விற்பவர்களையும் இவ்வாறே கட்டுப்படுத்த வேண்டும் என்ற யோசனை எழுந்தது, சட்டத்தில் இடம்பெறவில்லை. ஒரு நாள் வாடகைக்கு எடுப்பவனுக்கு உள்ள காப்பு, பத்து வருஷம் ஓட்டுவதற்கென்று விலைகொடுத்து வாங்குபவனுக்கு இல்லை. இதில் உள்ள தர்க்கம் எனக்கு இன்றளவும் பிடிபடவில்லை.

சட்டம் விட்ட இடைவெளியை விளம்பரம் நிரப்பிக்கொண்டது. ‘சான்றளிக்கப்பட்ட பழைய கார்’ என்று அட்டை தொங்கும். 172 அம்சங்களைப் பரிசோதித்தோம் என்று ஜெனரல் மோட்டார்ஸும், 160 என்று டீலர் ஸ்தாபனமான லித்தியாவும், 125-க்கு மேல் என்று பழைய கார் விற்கும் கார்மேக்ஸும் பெருமையோடு அறிவித்தன. வைப்பரும் விரிப்பும் வரை பார்க்கும் இத்தகைய பரிசோதனைகளைத் தாண்டி, தீராத ரீகால் உள்ள கார்கள் வாடிக்கையாளர் கைக்குப் போயின. அவற்றுள், ஓடும்போதே இன்ஜினை அணைத்து ஏர்பேக்கையும் செயலற்றதாக்கக்கூடிய இக்னிஷன் சுவிட்ச் குறையுள்ளவையும் உண்டு. மத்திய வர்த்தக ஆணையம் 2016-இல் இவ்விஷயத்தில் தலையிட்டு, ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ், லித்தியா, கூன்ஸ் என்னும் மற்றொரு டீலர் ஸ்தாபனம் ஆகியவற்றோடும், டிசம்பரில் கார்மேக்ஸ் முதலிய வேறு சிலவற்றோடும் உடன்பாடு செய்துகொண்டது. அதன் சாரம் இது: பரிசோதித்தது, பாதுகாப்பானது என்று சொல்வதானால், ரீகால் இருக்கலாம் என்பதையும் அதனருகிலேயே தெளிவாகச் சொல்லவேண்டும். இது தீர்வாகுமா என்று நுகர்வோர் சங்கங்கள் கடுமையாகக் கேட்டன. குறையுள்ள காரைச் சான்றளித்த கார் என்றே விற்கலாம், அடியில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றாகிவிட்டதே என்பது அவர்கள் மனத்தாங்கல். ஆணையத்தின் அதிகாரம் பொய் விளம்பரத்தைத் தடுப்பதோடு நிற்பது. காரைச் சீர்செய்யச் சொல்லும் அதிகாரம் அதற்கில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

இந்நிலையில் வாங்குபவர் கையில் எஞ்சியிருக்கும் ஆயுதம் ஓர் எண். ஓட்டுபவர் பக்கத்து முன்கண்ணாடியின் அடி மூலையில், வெளியே நின்று குனிந்தால் படிக்கும்படியாக, ஒரு சிறு தகட்டில் பதினேழு எழுத்துக்களும் இலக்கங்களும் கலந்து பொறித்திருக்கும். கதவைத் திறந்தால் அதன் நிலைச்சட்டத்திலும் இருக்கும். 1981-ஆம் வருஷத்து மாடல் முதல் அமெரிக்காவில் இது ஒரே அளவினதாக்கப்பட்டது. முதல் மூன்று இடங்கள் செய்தவரைச் சொல்லும். பத்தாவது இடம் மாடல் வருஷத்தைச் சொல்லும். ஒன்றோடும் சைபரோடும் குழப்பம் நேராதிருக்க, ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கள் எங்கேயும் வராது. ஒன்பதாவது இடம்தான் அழகானது. எழுத்துக்களுக்கெல்லாம் ஓர் இலக்க மதிப்பு வைத்து, ஒவ்வோர் இடத்தையும் அதற்கென்று விதித்த எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் வரும் மீதியே அவ்விடத்தில் நிற்கவேண்டும். மீதி பத்தானால் எக்ஸ் என்ற எழுத்து நிற்கும். ஆதலால் எவரேனும் எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் கணக்கு உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். 2014 ஆகஸ்டு முதல், இந்த எண்ணை அரசாங்கத்தின் இணையதளத்தில் கொடுத்தால், அந்தக் குறிப்பிட்ட கார் சீர்செய்யப்பட்டதா இல்லையா என்பதை எவரும் இலவசமாக அறியலாம். மாடலைப் பற்றிய பொதுச் செய்தி வேறு, இந்த ஒரு காரைப் பற்றிய செய்தி வேறு. அதுவரை பாமர மக்களுக்குக் கிட்டாதிருந்தது இரண்டாவதுதான். வியாபாரியும் அதே பதினேழு எழுத்தை அடித்துப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும் என்றான பிறகு, தெரியாமல் விற்றேன் என்ற சமாதானம் வலுவிழந்துவிட்டது.

எனினும் அந்த எண்ணை முழுவதும் நம்பியிருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருப்பது அவசியம். சீர்செய்தாயிற்று என்ற பதில் எப்போதும் இறுதியானதன்று. டகாட்டா விவகாரத்தின் ஆரம்ப வருஷங்களில், வேறு மாற்று இல்லாமையால், பழைய குப்பியை எடுத்துவிட்டு அதே ஜாதியைச் சேர்ந்த புதிய குப்பியையே வைத்தார்கள். புதியதாதலால் அது சில வருஷங்களுக்கு அபாயமற்றது; பின்னர் அதுவும் ஈரம் குடித்துக் கெடுமாதலால் இரண்டாம் முறையும் அழைக்கப்பட்டது. ஆகவே ஒரு தடவை பார்த்ததோடு நில்லாமல் வருஷத்துக்கு இரண்டு முறையாவது எண்ணைக் கொடுத்துப் பார்ப்பது விவேகம்.

மற்றொன்று, எண் காரை அறியுமேயன்றி அதன் பாகங்களை அறியாது. 2017-இல் லாஸ் வேகாஸ் நகரத்தில், 2002-ஆம் வருஷத்து அக்கார்டு ஒன்றில் சென்ற இளம்பெண்ணின் கழுத்தில் உலோகச் சிதறல் பாய்ந்து, அவர் மயிரிழையில் உயிர் பிழைத்தார். ஆராய்ந்தபோது, அந்தக் கார் அதற்கு முன்பே ஒரு விபத்தில் பலமாகச் சேதமடைந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியால் கழிக்கப்பட்டு, மறுபடியும் கட்டியெழுப்பி விற்கப்பட்டது என்றும், அப்போது பொருத்திய ஏர்பேக் 2001-ஆம் வருஷத்துக் கார் ஒன்றிலிருந்து கழற்றியது என்றும் தெரியவந்தது. எவ்வளவு முறை எண்ணைக் கொடுத்துத் தேடியிருந்தாலும் அந்தக் குப்பி கணக்கில் வந்திராது. அது வேறொரு காரின் பெயரில் ரீகால் ஆனது. உடைத்த கார்களின் பாகங்கள் விற்கும் இடங்களில் ஏர்பேக்குகளும் அலமாரியில் அடுக்கி இருக்கும். வாங்குபவர்கள் விலையைக் கேட்பார்கள், குப்பியின் ஜாதகத்தைக் கேட்பதில்லை. எனவே பழைய கார் பார்க்கப் போகிறவர், இது எப்போதாவது பெரிய விபத்தில் சிக்கியதா, ஏர்பேக் ஒருமுறை விரிந்ததா, விரிந்திருந்தால் மாற்றியது கம்பெனியின் புதிய பாகமா, அதற்கு ரசீது உண்டா என்று கேட்டு, பதில் மழுப்பலாக வந்தால், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஸ்டேஷனில் ஸ்டியரிங் மூடியைக் கழற்றிக் குப்பியின் மேல் அச்சிட்ட பாக எண்ணைப் படித்துப் பார்க்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.